அப்பாவுக்கு ஒரு தீவு வேண்டுமாம்

2025 ஜூன் மாதம் ஹேக் நகரில் நேட்டோ உச்சி மாநாடு. ட்ரம்ப் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே நேட்டோவின் தலைமைச் செயலாளர் மார்க் ருட்டேவிடமிருந்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. ஐரோப்பா தாராளமாகப் பணம் கட்டப்போகிறது, கட்டத்தானே வேண்டும், இது உங்களுடைய வெற்றி என்று குழைந்து எழுதிய செய்தி. ட்ரம்ப் அதைப் படித்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை, படமெடுத்து ஊருக்கே போட்டுக் காட்டினார். கொஞ்சம் கூச்சமுள்ள மனிதராக இருந்தால் அன்று முழுக்க அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடந்திருப்பார். ருட்டேயோ, அதில் ரகசியம் ஒன்றுமில்லையே என்றார். மறுநாள் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொள்வதைப் பள்ளிக்கூடப் பையன்களின் சண்டையோடு ட்ரம்ப் ஒப்பிட்டுப் பேச, பக்கத்தில் இருந்த ருட்டே, அப்பா சில சமயம் கடுமையாகப் பேசத்தான் வேண்டியிருக்கும் என்று எடுத்துக் கொடுத்தார்.

இவர் நெதர்லாந்தின் பிரதமராகக் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள் இருந்தவர். இவர் நிர்வகிக்கும் கூட்டணியில் 32 நாடுகள். அமெரிக்காவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அதில் இரண்டு நாடுகளிடம் சொந்தமாக அணுகுண்டு இருக்கிறது. அப்படியிருந்தும் அப்பா!

அந்த மாநாட்டில் தலையாட்டி ஏற்றுக்கொண்ட கணக்கு இது: 2035-க்குள் ஒவ்வொரு நாடும் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும். 3.5 சதவீதம் நேராக ராணுவத்துக்கு. மீதி 1.5-ஐப் பாலம், சாலை, இணையப் பாதுகாப்பு என்று எதையாவது காட்டி ஒப்பேற்றிக்கொள்ளலாம். ஏன் 5, ஏன் நாலேகால் இல்லை? ட்ரம்ப் சொன்ன எண் 5 என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தென்படவில்லை. முடியாது என்று வெளிப்படையாக நின்றவர் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ். உடனே, வர்த்தகத்தில் இரண்டு மடங்காக உன்னிடம் கறந்துகொள்கிறேன் என்று மிரட்டல் வந்தது.

இந்தப் பணம் யார் வயிற்றிலிருந்து வருகிறது என்பதற்கு பிரிட்டன் முன்கூட்டியே வழிகாட்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக ஏழை நாடுகளுக்கான உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3-ஆக வெட்டப்போவதாக அறிவித்தார். எங்கோ ஒரு கிராமத்தில் பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் குடிநீருக்கும் போயிருக்க வேண்டிய பணம். அறிவித்த சூட்டோடு வாஷிங்டனுக்குப் பறந்தார். கோட்டுப் பையிலிருந்து மன்னர் சார்லஸின் அழைப்புக் கடிதத்தை எடுத்து ட்ரம்பிடம் நீட்டி, இரண்டாம் முறையாக அரசு விருந்து, இதற்கு முன் யாருக்கும் கிடைக்காத பெருமை என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

பிறகு ஒருவருக்கொருவர் போட்டி. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஹ் மெர்ஸ், ட்ரம்பின் தாத்தா கால்ஷ்டாட் என்ற ஜெர்மன் ஊரில் 1869-இல் பிறந்ததற்கான சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கட்டாய ராணுவ சேவைக்கு டிமிக்கி கொடுத்ததற்காக அதே தாத்தாவை 1905-இல் பவேரிய அரசு நாட்டைவிட்டே வெளியேறச் சொன்ன சேதி அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை போலும். ராணுவத்துக்குச் சரியாகச் செலவு செய்யவில்லை என்று ஜெர்மனியைக் கண்டித்துவந்தவர் அந்தத் தாத்தாவின் பேரன். சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர்கள் இன்னும் நேரடியாகக் காரியத்துக்கு வந்தார்கள். பெயர் பொறித்த தங்கக் கட்டி ஒன்றும் ரோலெக்ஸ் மேசைக் கடிகாரம் ஒன்றும் கொண்டுபோய் வைத்தார்கள். சில நாட்களில் அவர்கள் நாட்டுப் பொருட்களுக்கான வரியை 39 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறக்க ஒப்பந்தமானது. நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்தால் லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனப் பொடி தடவிய நோட்டோடு வந்து நிற்கும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இதற்குப் பெயர் பொருளாதார ராஜதந்திரம்.

டர்ன்பெரி கதையைச் சொல்லியாக வேண்டும். 45 கோடி மக்கள் வாழும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையத் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லையன், 2025 ஜூலை 27 அன்று வர்த்தக ஒப்பந்தம் பேசுவதற்கு ஸ்காட்லாந்து போனார். பேச்சுவார்த்தை நடந்த இடம் டர்ன்பெரியில் உள்ள ட்ரம்பின் சொந்த கோல்ஃப் மைதானம். ஆட்டத்துக்கு நடுவே கிடைத்த ஒழிந்த நேரத்தில் உலகத்தின் மிகப் பெரிய வர்த்தக உறவு தீர்மானமானது. ஐரோப்பியப் பொருட்களுக்கு அமெரிக்காவில் 15 சதவீத வரி. அமெரிக்கத் தொழிற்சாலைப் பொருட்களுக்கு ஐரோப்பாவில் வரி பூஜ்யம். அதற்கு மேலே 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குகிறோம், 60,000 கோடி டாலர் முதலீடு செய்கிறோம் என்று வாக்குறுதி வேறு. எந்தக் கம்பெனி எங்கே எண்ணெய் வாங்க வேண்டும், எங்கே முதல் போட வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையவே கிடையாது. இல்லாத அதிகாரத்தை வைத்து இல்லாத பணத்தைத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பிரதமராக அப்போது இருந்த பைரூ இதை அடிபணிதல் என்றார். அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் ஒர்பான், ட்ரம்ப் அந்த அம்மாவைக் காலை உணவாகச் சாப்பிட்டுவிட்டார் என்றார். ஒர்பான் சொன்னது சரியாக இருக்கும் அரிய தருணங்களில் அது ஒன்று.

மிரட்டிப் பணியவைக்கும் நாடுகளைத் திருப்பி அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தனியாகச் சட்டமே இயற்றி வைத்திருக்கிறது. பிரசல்ஸில் அதற்கு பஸூக்கா என்று செல்லப்பெயர். செய்த நாளிலிருந்து அதை ஒருமுறைகூடச் சுடவில்லை. துடைத்து வைத்திருக்கிறார்களா என்பதே சந்தேகம்.

நமக்கு மட்டும் அறிவுரை தாராளமாக வரும். டர்ன்பெரிக்குச் சில நாட்கள் முன்பு இதே ருட்டே, டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் பிரேசிலிலும் இருப்பவர்கள் உடனே புடினுக்குப் போன் போட்டு சமாதானத்துக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பலமாக அடி விழும் என்று எச்சரித்தார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்கள் தேங்கின. ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் குடும்பம் நடத்தும் ஓவர்லாக் டைலருக்கும் உக்ரைன் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆளில்லை. அந்தப் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். போரின் மூன்றாவது ஆண்டில் ரஷ்ய எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கொட்டிய பணம் சுமார் 2,190 கோடி யூரோ. 2024-இல் உக்ரைனுக்கு அது தந்த நிதியுதவி சுமார் 1,870 கோடி யூரோ. கணக்குப் போட்டது ரஷ்யாவோ இந்தியாவோ இல்லை, பின்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையம். உக்ரைன் சிப்பாய்க்கு ஒரு கையால் கட்டுப் போட்டுக்கொண்டே, அவனைச் சுடும் தோட்டாவுக்கு மறு கையால் காசு கொடுத்தவர்கள் திருப்பூர்க்காரனுக்கு அறம் போதிக்கிறார்கள்.

ஹேக் நகரத்துக்கே திரும்பி வருவோம். அப்பா புகழ் பாடப்பட்ட அதே ஊரில்தான் சர்வதேச குற்றவியல் நீதிமன்றமும் இருக்கிறது. காசாவில் நடந்தவற்றுக்காக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவைக் கைது செய்ய 2024 நவம்பரில் அது பிடியாணை போட்டது. நீதிமன்றத்தின் உறுப்பு நாடான ஹங்கேரி 2025 ஏப்ரலில் அவருக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தது. கைதாகாமல் ஜெர்மனிக்கு வந்து போக வழி கண்டுபிடிப்பேன் என்று தேர்தலில் வென்ற கையோடு மெர்ஸ் உறுதி சொன்னார். பிடியாணைக்குப் பதிலடியாக அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் மீது தடை விதித்தது. தடைக்கு ஆளானவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர். ஐரோப்பாவின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கடன் அட்டை வேலை செய்யவில்லை, அமெரிக்க இணையக் கம்பெனிகள் கணக்கை மூடிவிட்டன. தன் மண்ணில் தன் நீதிபதி ஒரு ஹோட்டல் அறையைப் பதிவு செய்ய முடியாத நிலைமையை ஐரோப்பா கவலையுடன் கவனித்து வருகிறது. கவலையுடன் கவனிப்பதில் அந்தக் கண்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

2026 ஜனவரி 3. அமெரிக்கப் படைகள் கராகஸ் மீது குண்டு போட்டு, வெனிசுவேலா அதிபர் மடூரோவையும் அவர் மனைவியையும் பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோயின. மடூரோ நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். தேர்தலைத் திருடியவர், சொந்த மக்களை நாடோடிகளாக்கியவர். ஆனால் ஒரு நாட்டுக்குள் இரவில் புகுந்து அதன் தலைவரைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்பதற்குப் பதில் சொல்ல ஐ.நா. சாசனத்தை ஒருமுறை புரட்டினால் போதும். மெர்ஸ் புரட்டிப் பார்த்துவிட்டு, சட்டரீதியாக இது சிக்கலான விஷயம் என்றார். பிரெஞ்சு அதிபர் மக்ரோனின் முதல் அறிக்கையில் வெனிசுவேலா மக்களுக்கு மகிழ்ச்சி இருந்தது, பிடித்துக்கொண்டுபோன முறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மடூரோவுக்காகக் கண்ணீர் விடமாட்டோம் என்றார் ஸ்டார்மர்.

அடுத்த நாளே ட்ரம்ப், பாதுகாப்புக்காக எங்களுக்கு கிரீன்லாந்து வேண்டும் என்றார். கிரீன்லாந்துக்காக அமெரிக்காவோடு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை என்றார் அவருடைய ஆலோசகர் ஸ்டீஃபன் மில்லர். ஜனவரி 6 அன்று பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகியவை டென்மார்க்கோடு சேர்ந்து கூட்டறிக்கை விட்டன. இறையாண்மை, நில எல்லையின் மீறவொண்ணாமை, ஐ.நா. சாசனம், கிரீன்லாந்து அதன் மக்களுக்கே சொந்தம்! மூன்று நாளில் சர்வதேசச் சட்டத்தின் சிக்கலெல்லாம் அவிழ்ந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி ஆகிவிட்டது.

பண்ணையாரின் அடியாட்கள் சேரிக்குள் புகுந்து குடிசையைக் கொளுத்தும்போது கணக்குப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். இராக்கில் தீ வைத்தபோது தீவட்டி பிடித்தவரும் அவர்தான். ஒருநாள் பண்ணையார் கணக்குப்பிள்ளையின் கொல்லைத் தென்னந்தோப்பைக் காட்டி, அது எனக்கு வேண்டும் என்கிறார். அன்றுதான், இந்த ஊரில் நீதி நியாயம் என்று ஒன்று இருந்ததே, அது செத்துப்போய்விட்டதே என்று மனிதர் வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார்.

இராக்கை வாய் தவறிச் சொல்லவில்லை. 2003-இல் ஐ.நா.வின் அனுமதியில்லாமல் அந்தப் படையெடுப்பு நடந்தபோது டென்மார்க் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் அனுப்பிச் சேர்ந்துகொண்டது. அப்படிச் சேர்த்துவிட்ட டென்மார்க் பிரதமர் ராஸ்முசென் பின்னால் நேட்டோவின் தலைமைச் செயலாளரானார். விசுவாசத்துக்கு அங்கே பதவி உயர்வு உண்டு.

டென்மார்க்கின் கண்ணீரைப் பற்றி நமக்குச் சொல்லக் கொஞ்சம் அருகதை இருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள், கோட்டை கட்டி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டுவிட்டு, 1845-இல் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். தரங்கம்பாடி மீனவரிடம் யாரும் கருத்துக்கணிப்பு நடத்தவில்லை. 1917-இல் கரீபியன் கடலில் இருந்த தங்கள் தீவுகளை 2.5 கோடி டாலர் தங்கத்துக்கு அமெரிக்காவிடமே விற்றார்கள். அதற்காக டென்மார்க்கில் வாக்கெடுப்பு நடந்தது, விற்கப்பட்ட தீவு மக்களுக்கு அதில் வாக்கு இல்லை. அந்த விற்பனையின் ஓர் உப ஏற்பாடாக, கிரீன்லாந்து முழுவதையும் டென்மார்க் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவருவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. வெள்ளை மாளிகையில் யாராவது படித்தால் நல்லது.

பிறகு கிரீன்லாந்தில் நடந்தது தெரியுமா? 1951-இல் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தப்படி அமெரிக்கா அங்கே வேண்டிய அளவு தளம் அமைத்துக்கொள்ளலாம். அமைத்தார்கள். துலே தளம் விரிவடைய வேண்டும் என்பதற்காக 1953-இல் தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுவிட் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் கிளப்பி, 100 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிவிட்டது டென்மார்க் அரசு. எங்கள் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டே, கிரீன்லாந்தில் வைத்துக்கொள்ள மறைமுகமாகச் சம்மதம் தெரிவித்து 1957-இல் அமெரிக்காவுக்கு ரகசியக் குறிப்புக் கொடுத்தார் டென்மார்க் பிரதமர். 1968 ஜனவரியில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு ஒரு அமெரிக்க விமானம் துலே அருகே பனியில் விழுந்து சிதறியது. அதே காலத்தில் கிரீன்லாந்துப் பெண்களுக்கும் பள்ளிச் சிறுமிகளுக்கும், அவர்களுடைய சம்மதமில்லாமல் டென்மார்க் மருத்துவர்கள் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். சுமார் 4,500 பேர். அங்கே பிள்ளை பெறும் வயதிலிருந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதி. இதற்குப் பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன் கிரீன்லாந்துத் தலைநகர் நூக்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டது 2025 செப்டம்பரில். அமெரிக்கா அந்தத் தீவின் மேல் கண் வைக்காமல் இருந்திருந்தால் அந்த மன்னிப்பு எந்த ஆண்டு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம் என்ற அமெரிக்க வாதம் சிரிப்புக்குக்கூட லாயக்கில்லை. பனிப்போரின்போது அங்கே ஆயிரக்கணக்கில் இருந்த தன் ஆட்களை எடுத்துக்கொண்டு போனது அமெரிக்காவேதான். இன்று மிச்சமிருக்கும் பிட்டுஃபிக் (பழைய துலே) தளத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். திரும்ப வர வேண்டுமானால் 1951 ஒப்பந்தம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கேட்பது காவலுக்கு இடமில்லை, பட்டா.

ஜனவரி நடுவில் ஐரோப்பா வீரத்தைக் காட்டியது. ஜெர்மனி கிரீன்லாந்துக்கு 13 படைவீரர்களை அனுப்பியது. பிரிட்டன் ஒரே ஒரு அதிகாரியை அனுப்பியது. அதற்கே எட்டு நாடுகளுக்கு 10 சதவீத வரி, ஜூன் முதல் 25 என்று ட்ரம்ப் அறிவித்தார். கூடவே நார்வே பிரதமருக்கு ஒரு கடிதம்: எட்டுப் போர்களை நிறுத்திய எனக்கு உங்கள் நாடு நோபல் பரிசு தரவில்லை, இனிமேல் சமாதானத்தைப் பற்றி மட்டும் நினைக்க வேண்டிய கடமை எனக்கில்லை. பரிசைத் தருவது நார்வே அரசாங்கமே இல்லை என்பது வேறு விஷயம். கால்பந்துச் சம்மேளனம் ஒரு சமாதானப் பரிசைப் புதிதாகக் கண்டுபிடித்து டிசம்பரிலேயே அவரிடம் கொடுத்துவிட்டது. ஜனவரியில் வெனிசுவேலா எதிர்க்கட்சித் தலைவி மச்சாடோ தன் நோபல் பதக்கத்தையே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டும் போதவில்லை.

அந்த வாரமே, ஆப்கானிஸ்தானில் நேட்டோ படைகள் முன்னணிக்கு வராமல் கொஞ்சம் பின்னாலேயே நின்றுகொண்டன என்றார் ட்ரம்ப். ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்ற ஐந்தாம் பிரிவை நேட்டோ தன் வரலாற்றில் ஒரே முறைதான் செயல்படுத்தியிருக்கிறது, அதுவும் 2001-இல் அமெரிக்காவுக்காக. பிரிட்டன் ஆப்கானிஸ்தானில் 457 பேரைப் பறிகொடுத்தது. சின்னஞ்சிறு டென்மார்க் நாற்பதுக்கும் மேல். அந்தத் தாய்மார்களின் கோபத்தில் நான் குறை காணமாட்டேன். ஆனால் அந்த மண்ணில் செத்த ஆப்கானியர்களின் கணக்கை வாஷிங்டனும் வைத்துக்கொள்ளவில்லை, கோபன்ஹேகனும் வைத்துக்கொள்ளவில்லை. சண்டை நடப்பது, உடன் போன கூலிக்கு மரியாதை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் ஜனவரி 21 அன்று ட்ரம்ப் பேசினார். தான் கேட்கும் நிலத்தை ஒரு பனித்துண்டு என்றார். நாங்கள் இல்லையென்றால் நீங்களெல்லாம் இன்று ஜெர்மன் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று அதட்டினார். டாவோஸ்காரர்கள் பிறந்ததிலிருந்தே ஜெர்மன்தான் பேசுகிறார்கள். பேச்சுக்கு நடுவே கிரீன்லாந்துக்குப் பதிலாக ஐஸ்லாந்து என்று வேறு சொன்னார். எந்தத் தீவு வேண்டும் என்பதே தெளிவில்லாத ஒருவருக்கு முன்னால் உலகத்துப் பணமும் அதிகாரமும் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. படை அனுப்பமாட்டேன் என்றார். அன்று மாலை வரியும் வேண்டாம் என்றார். முந்தைய நாள் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்திருந்தது. ஐரோப்பாவின் ஏழு நாட்டுக் கூட்டறிக்கையைவிட அந்தச் சரிவு அவருக்கு நன்றாகப் புரிந்தது என்பது என் எண்ணம்.

கிரீன்லாந்து குறித்து ஒரு வரைவு உடன்பாடு தயாராகிவிட்டது என்று அன்றே அறிவிப்பும் வந்தது. உடன்பாட்டைப் பேசிய இரண்டு பேர்: ஒருவர் ட்ரம்ப். இன்னொருவர் மார்க் ருட்டே. அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார் கிரீன்லாந்துப் பிரதமர் யென்ஸ் ஃப்ரெடெரிக் நீல்சன்.

கிரீன்லாந்தின் மக்கள்தொகை சுமார் 57,000. அமெரிக்காவோடு சேர விருப்பமில்லை என்று 2025 ஜனவரியில் நடந்த கருத்துக்கணிப்பில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். 2009-ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டப்படி, தனிநாடாகப் போவதா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்தத் தீவில் ஒரு கைப்பிடிப் பனியைப் பேரம் பேசும் அதிகாரம்கூட நேட்டோவின் தலைமைச் செயலாளருக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது.